செருப்பை எடுக்கத் திரும்பி வந்தவள்

தனபாக்கியம் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் என் மனைவி வளர்மதியின் முட்டி வலிக்காக மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில், ரோஜாப்பூ காலை வணக்கங்களுக்கும் யாரோ அனுப்பிய சர்க்கரை வியாதி வைத்தியத்துக்கும் நடுவே என்னோடு வேலை பார்த்த செல்வராசு ஒரு வரி போட்டிருந்தான். "கேன்டீன் தனபாக்கியம் அக்கா காலமானார். நாளைக் காலை எடுப்பு." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். வளர்மதியிடம் போனைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியாது. "யாருங்க?" என்றாள். சொன்னேன். சட்டென்று எழுந்து நின்றாள். முட்டி வலிக்காரி அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் எண்ணைக் கூப்பிடும் முன்பே வெளியே வந்துவிட்டோம்.

இந்த வயதில் சாவுச் செய்தி வந்தால் முன்போலப் பதற்றம் வருவதில்லை. வெள்ளை வேட்டி துவைத்து இருக்கிறதா என்றுதான் முதலில் யோசனை போகிறது. அத்தனை வீடுகளுக்குப் போய்வந்தாயிற்று. மாலை, கும்பிடு, பிளாஸ்டிக் நாற்காலி, யாராவது நீட்டும் டீ. அலுத்துவிட்டது. ஆனாலும் இந்த அக்காவைப் பற்றி நாலு வார்த்தை எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. நெய்வேலிச் சுரங்கத்தில் அவர் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த அக்காவையும் உங்களுக்குத் தெரியாத அக்காவையும் சேர்த்தே சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் நகரியத்தில் எங்கள் பிளாக்கில் கிளப்புக்குப் பின்னால் திரை கட்டிப் படம் போடுவார்கள். சாயங்காலம் இருட்டியதும் ஆரம்பிக்கும். குடும்பம் குடும்பமாகப் பாயைக் கொண்டுவந்து விரித்து உட்காருவோம். படம் முடிவதற்கு முன்னால் நைட் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ் வந்து ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும். அடித்தால் எழுந்து போயே ஆக வேண்டும். திரையில் கதாநாயகி விஷக் கிண்ணத்தைக் கையில் எடுத்திருப்பாள். நாங்கள் டிபன் கேரியரைக் கையில் எடுப்போம். குனிந்துகொண்டுதான் போவோம், ஆனாலும் எங்கள் ஹெல்மெட் நிழல் எல்லாம் திரையில் அந்தப் பெண்ணின் முகத்தின் மேலேயே ஊர்ந்து போகும். பின்னாலிருந்து பெண்கள் கத்துவார்கள். "குனிஞ்சி போங்கய்யா, அவளே சாவப்போறா!"

அதனால் எங்களில் பாதிப்பேருக்கு எந்தப் படத்தின் முடிவும் தெரியாது. விடிய விடிய கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் குடித்தாளா, அவன் வந்து தடுத்தானா என்றே பேசிக்கொண்டிருப்போம். காலையில் ஷிஃப்ட் முடிந்து கேன்டீனுக்குப் போனால் தனபாக்கியம் அக்கா டீ ஊற்றிக்கொண்டிருப்பார். அவரும் எங்கள் பிளாக்தான். படத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு, சின்னத் தூக்கம் போட்டுவிட்டு, முதல் பஸ்ஸிலேயே வேலைக்கு வந்திருப்பார். டோக்கனைக் கிழித்து நீட்டிக்கொண்டே எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, முடிவு என்னா ஆச்சு?"

அவர் சொல்லும் விதம் தனி. அழுது வடிக்க மாட்டார். ஒரு கையில் டபரா, ஒரு கையில் கரண்டி. "குடிச்சிட்டா. அவன் வந்தான், மடியில போட்டுக்கினான். அவனும் மிச்சத்தக் குடிச்சிட்டான். அடுத்த ஆளு வா." அவ்வளவுதான். பெரிய மீசை வைத்த ஆட்களெல்லாம் டீயை ஊதிக்கொண்டே கண்ணைத் துடைப்பார்கள். தூசி விழுந்துவிட்டதாம்.

ஒரு தடவை செல்வராசுவின் மனைவி நிறைமாதமாக இருந்தாள். அவளுக்குப் போய்க் கதை சொல்ல வேண்டும், கதாநாயகி செத்துப் போனதாகச் சொன்னால் மனசு உடைந்துவிடுவாள் என்று அவன் அக்காவிடம் கெஞ்சினான். "நல்லபடியா முடிச்சி வுடுக்கா." அக்கா கரண்டியை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "செத்தவள நான் எப்புடிப்பா எழுப்பறது? நீ வேணா எழுப்பிக்கினு போ. என் வாயால வராது." முடிவை மாற்றிச் சொல்வது அந்த அம்மாவுக்கு டீயில் தண்ணீர் கலப்பது மாதிரி. செய்யவே மாட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது கான்ட்ராக்ட் ஆள். சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் ஒரு கிராமம். வளர்மதியின் அப்பா பர்மனென்ட், குறிஞ்சிப்பாடிப் பக்கம் நிலம் உள்ள குடும்பம். குவார்ட்டர்ஸ் எங்களுக்கு ரெண்டு வரிசை தள்ளி. ஊரில் எனக்கு அக்கா முறையாகும் ஒருத்தியின் மகன் வீட்டில் நான் ஒண்டியிருந்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எங்களுக்குப் பழக்கம். ஊரில் எங்கள் தெரு வேறு, அவர்கள் தெரு வேறு. இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கும் அலுப்பு, கேட்க உங்களுக்கும் அலுப்பு.

விஷயம் வெளியே தெரிந்தது. அவள் இன்ஸ்டிடியூட் நின்றது. அண்ணன்கள் இரண்டு பேர் என்னைத் தேடிப் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். அவள் அப்பா, மகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டாலும் போடுவேனே தவிர அவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று எட்டு வீடு கேட்கக் கத்தினார். அதே மனுஷன் கிளப்பில் படம் போட்டால் முன்வரிசையில் உட்கார்ந்து, காதலர்கள் பிரியும்போது துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுவார். நானே பார்த்திருக்கிறேன். இதை ஒருநாள் அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். "தெரையில செத்தா அழுவானுங்க. தெருவுல நடந்தா அருவா எடுப்பானுங்க. உனுக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றார்.

எங்கள் புத்தியும் அப்போது திரையில்தான் இருந்தது. வாழ விடவில்லை என்றால் சேர்ந்து போய்விடுவது என்று ரெண்டு பேரும் முடிவு செய்தோம். சேத்தியாத்தோப்பு பஸ் ஏறுவது, வெள்ளாற்றங்கரையில் இறங்குவது, திரும்பி வருவதில்லை. இன்று நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அன்று அது பெரிய காரியமாகத் தெரிந்தது. நாங்கள் பார்த்த அத்தனை படத்திலும் அப்படிப் போனவர்களுக்குத்தானே பாட்டும் மாலையும்?

என் கதையை மாற்றிய படம் போட்டது நாங்கள் கிளம்பக் குறித்த நாளுக்கு முந்தின சாயங்காலம். பெயர் வேண்டாம். எந்தப் படமானால் என்ன, கதை அதுதான்: அவள் பெரிய வீட்டுப் பெண், அவன் அப்படியில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். பின்னால் அண்ணன்மார் தீவட்டியோடு ஓடி வருகிறார்கள். அந்த இடத்தில் ஹாரன் அடித்தது. எழுந்து போனேன். மறுநாள் சாகப்போகிறவன் எதற்கு நைட் ஷிஃப்டுக்குப் போனான் என்று கேட்பீர்கள். ஒத்துக்கொண்ட ஷிஃப்டை முடிக்காமல் எப்படிப் போவது என்று நினைத்தேன், பாருங்கள்! நெய்வேலிக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது.

விடிகாலையில் பெல்ட் கிழிந்துவிட்டது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் எங்கள் ஆட்கள் எல்லோரும் டீ குடித்து, முடிவு கேட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார்கள். நான் போனபோது கேன்டீனில் அக்கா மட்டும் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் அந்த மாதத்து டீ டோக்கன்கள் மிச்சம் இருந்தன. வீணாகப் போகிறதே என்று ஒரு நினைப்பு. எடுத்து மேடையில் வைத்தேன்.

"இது என்னாத்துக்கு?" என்றார்.

"நீயே வெச்சுக்கக்கா. எனக்கு வேணாம்."

"ஊருக்குப் போறியா?"

"ஆமா."

"எப்ப வருவ?"

நான் டோக்கன்களை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். டோக்கனைப் பார்த்தார். ஒரு டம்ளரில் டீயை ஊற்றி என் முன்னால் வைத்தார். எனக்கு அந்த நேரத்தில் கேட்க வேறு எதுவும் இல்லை. "முடிவு என்னாக்கா ஆச்சு?" என்றேன். செத்துட்டாங்க என்று சொல்வார், தைரியமாகப் போகலாம் என்றுதான் கேட்டேன். வேறெதற்கு?

"ஓடம் வந்துச்சு" என்றார் அக்கா.

"ஓடமா?"

"ஆமா. ஏறிட்டாங்க. பாதி ஆறு போனப்புறம் அந்தப் பொண்ணு, ஐயோ என் செருப்புங்கறா. கரையிலயே வுட்டுட்டா. அவன், வேற வாங்கிக்கலாம் வுடுங்கறான். இவ ஒத்துக்கல. ஓடத்தத் திருப்புன்னுட்டா. திரும்பி வந்து எடுத்துக்கினுதான் போனா."

"அண்ணனுங்க?"

"அவனுங்க வர்றதுக்குள்ள எடுத்துக்கினு போயிட்டா. சனம் எல்லாம் கைதட்டுச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? அக்கரையில ஒரு வூடு புடிச்சி இருக்காங்க. சண்ட போட்டுக்கினு இருப்பாங்க. டீயக் குடி, ஆறுது."

அந்தச் செருப்புதான் என்னைக் கவிழ்த்தது. ஓடம் என்று மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அண்ணன்மார் தீவட்டியோடு வரும்போது ஒருத்தி செருப்புக்காகத் திரும்பி வந்தாள் என்றால் அது நிஜமாகத்தான் இருக்கும் என்று பட்டது. வளர்மதியும் அப்படித்தான் செய்வாள். பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அவள் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தாள். சாகப் போகிறவளுக்கு எதற்கு மாற்றுப்புடவை என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சேத்தியாத்தோப்பு பஸ் வந்தது. நான் ஏறவில்லை. "ஏங்க?" என்றாள். "நேத்துப் படத்துல அவங்க சாவலயாம். அக்கரைக்குப் போயிட்டாங்களாம்" என்றேன். எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். "அவங்க போனா நம்மளும் போவலாம்" என்றாள். விருத்தாசலம் பஸ் ஏறி, அங்கிருந்து ரயிலில் திருச்சிக்குப் போனோம்.

திருச்சியில் பட்ட பாடு பெரிய கதை. அது இங்கே வேண்டாம். வளர்மதி மாசமானதும் அவள் அம்மாவின் கோபம் முதலில் இறங்கியது. மாமனாரின் கோபம் பேரன் பிறந்தபிறகும் இறங்கவில்லை, அரிவாளை மட்டும் கீழே வைத்தார். நான் திரும்பிவந்து மறுபடியும் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். முதல்நாள் கேன்டீனில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அக்கா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பழைய டோக்கன்களை எடுத்து என் கையில் வைத்தார். "உன்னுதுதான். புடி. பின்னால ஆளு நிக்கிது."

வருஷங்கள் போயின. நான் பர்மனென்ட் ஆனேன், குவார்ட்டர்ஸ் கிடைத்தது, தொலைக்காட்சி வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படம் வந்தது. நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். வளர்மதிதான் எழுப்பினாள், "நம்ம படங்க!" என்று. அவள் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததே இல்லை, அக்கா சொன்னதாக நான் சொன்ன கதைதான் தெரியும். ஆற்றங்கரை வந்தது. தீவட்டி வந்தது. ஓடம் வரவில்லை. வெறும் தண்ணீர், பிறகு கரையில் இரண்டு ஜோடிச் செருப்பு. பின்னணியில் யாரோ சோகமாகப் பாடினார்கள். "இருங்க, செருப்ப எடுக்க வருவா" என்றாள் வளர்மதி. வணக்கம் என்று போட்டுவிட்டார்கள். அதன் பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. "அவ வரவேயில்லயேங்க" என்றாள். அழுதுவிட்டாள். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்?

மறுநாள் செல்வராசுவிடம் கேட்டேன். "அன்னைக்குக் காலையில எங்களுக்கெல்லாம் சரியாத்தான சொல்லிச்சி அக்கா, ரெண்டு பேரும் ஆத்தோட போயிட்டாங்கன்னு? உனுக்கு என்னா சொல்லிச்சி?" என்றான். அன்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் உண்மை. எனக்கு மட்டும் ஓடம்.

அன்று சாயங்காலமே ரெண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போனோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வளர்மதி நேரடியாகச் சண்டைக்குப் போனாள். "நீ சொன்ன பொய்யால இந்த மனுசன்கிட்ட மாட்டிக்கினு நான் படற பாடு உனுக்குத் தெரியுமாக்கா?" அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சண்ட போட்டுக்கினு இருப்பாங்கன்னு அப்பவே சொன்னனா இல்லியா? அதுல என்னாடி பொய்?" என்றார். நான் சாகப் போவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ஊருக்குப் போறவன் டோக்கன பத்திரமா வெச்சிட்டுப் போவான். வந்து குடிக்கணும் இல்ல? குடுத்துட்டுப் போறவன் எங்கப்பா போறான்?" அதற்குமேல் அன்று அதைப்பற்றி அவர் பேசவில்லை. எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, கீரை கட்டு விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இந்தப் படங்களை ஏன் இன்னும் பார்க்கிறார்கள் என்று பேரப்பிள்ளைகளைப் பார்த்தால் தோன்றுகிறது. என் பேத்தி காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு போனில் அதே பழைய ஆற்றங்கரைக் காட்சியைப் பார்த்து மூக்கைச் சிந்துகிறாள். அவள் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் வந்த படம். ஒருநாள் அக்காவிடமே கேட்டேன், செத்துப்போகிற கதையில் அப்படி என்ன இருக்கிறது என்று. "அவங்க செத்ததால இன்னும் அழகா இருக்காங்க. நீங்க செத்திருந்தா நீங்களும் அழகா இருப்பீங்க. இருந்துட்டீங்க, கெழமாயிட்டீங்க. பாக்கறவனுக்கு அழகுதான வேணும்?" என்றார். சரிதான். திரையில் செத்தவளுக்கு முட்டி வலிக்காது. அவளைக் கூட்டிக்கொண்டு அவன் ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டாம். மாமனார் சாவுக்குப் போகலாமா வேண்டாமா என்று அவர்கள் மூன்று நாள் பேசாமல் இருந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் சண்டை முற்றினால் வளர்மதியின் கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு. "அன்னைக்கே சேத்தியாத்தோப்பு பஸ்ல ஏறியிருக்கணும்!" நானும் சில நாள் அப்படி நினைத்திருக்கிறேன், மறைக்க மாட்டேன். வாழ்வது அவ்வளவு அலுப்பான வேலை. யாரும் பாட்டுப் போட மாட்டார்கள்.

ஆனால் ஊரில் இன்னமும் பிள்ளைகள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், செய்தித்தாளில் பார்க்கிறோம். ஆற்றோரமாகச் செருப்புகள். அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கோபம் வரும். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பொய் சொல்ல அந்த ஊரில் ஒரு ஆளுமா இல்லை?

அக்காவைக் கடைசியாகப் பார்த்தது போன மாதம். நகரியத்துக்கு வெளியே மகன் கட்டிய வீட்டில், கட்டிலோடு இருந்தார். ஆளைத் தெரிந்தது, பேச்சு மட்டும் தடுமாறியது. பக்கத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ பழைய படம், ஏதோ இரண்டு பேர் மலை விளிம்பில் நின்றார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தோம். "முடிவு என்னா ஆச்சு?" என்றார் கண்ணைத் திறக்காமலே. வாழ்நாள் பூரா நாங்கள் அவரிடம் கேட்ட கேள்வி. வளர்மதி கட்டில் சட்டத்தைப் பிடித்துக் குனிந்தாள். "ஓடம் வந்துச்சிக்கா. ஏறிட்டாங்க" என்றாள். மலைமேல் எங்கே ஓடம்? அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை. "செருப்பு?" என்றார். "எடுத்துக்கினாக்கா" என்றாள் வளர்மதி.

நேற்றுக் காலையில் எடுத்தார்கள். வெயில் அப்போதே ஏறிவிட்டது. பழைய கேன்டீன் ஆட்கள் நிறையப்பேர் வந்திருந்தார்கள், பாதிப்பேர் கைத்தடியோடு. நான் சுடுகாடுவரை போய்விட்டு வந்து, தெருமுனையில் நின்றிருந்த வளர்மதியை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால் பேசாமல் கிளம்பினோம். ரெண்டு தெரு தாண்டியதும் என் தோளில் தட்டினாள்.

"நிறுத்துங்க. செருப்பு."

திரும்பிப் பார்த்தேன். வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். பாடையை எடுக்கும்போது கூட்டம் நெருக்கியதில் செருப்பு எங்கேயோ மிதிபட்டுப் போயிருக்கிறது. எனக்கு உடம்பில் சக்தியில்லை. எப்போது வீட்டுக்குப் போய் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு படுப்போம் என்றிருந்தது. "வேற வாங்கிக்கலாம் வுடு" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்க வேண்டும்.

"வண்டியத் திருப்புங்க" என்றாள்.

திருப்பினேன். அவள் இறங்கி, வலிக்கிற காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, சூடான ரோட்டில் நடந்து போனாள். பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்களை விலக்கி, கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று, சாக்கடை ஓரத்திலிருந்து ஒன்று என்று தேடி எடுத்தாள். தட்டிப் போட்டுக்கொண்டாள். திரும்பி வந்தாள்.

அக்காவின் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று செல்வராசு கேட்டான். போட்டோ கூட என்னிடம் இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பள்ளத்தில் விடாதே, மெதுவாகப் போ, கண் தெரியவில்லையா என்று வீடு வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாளே, இவளைத்தான் வைத்திருக்கிறேன்.